சோசலிஸ்ட் எண்டு போடாதை

மொன்றியல்
17 ஓகஸ்ட் 2025

குணேஸ்,

நேற்று நான் ரெலிபோனை வைச்சது கோவத்திலை மட்டுமில்லை. அதிலை கதைக்கக்கூடாத கதையை நீ கதைக்கத் தொடங்கினாய். இனி முக்கியமான விசயம் எண்டால் எழுது, நானும் எழுதுறன். கடிதத்தை ஆரும் திறந்து பாக்கிறதெண்டால் குறைஞ்சது உறையைக் கிழிக்க வேணும். கிழிச்சால் எனக்குத் தெரியும்.

நிரோஜா தன்ர ஃபோனிலை அந்த வீடியோவைக் காட்டினவள். ஏதோ ஒரு சேர்ச் மண்டபத்திலை நீ மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். பின்னாலை உன்ர பேர், நகரசபைக்கு மூன்றாம் வட்டார வேட்பாளர் எண்டு. அதுக்குக் கீழை முழ நீளத்துக்கு 'சோசலிஸ்ட்'. ஒரு மனுசி கேக்கிறா, இந்தக் கொள்கையெல்லாம் எங்கை படிச்சனீங்கள் எண்டு. நீ சிரிச்சுக்கொண்டு சொல்லுறாய்: "என்ர அண்ணை யாழ்ப்பாணத்திலை ஒரு சின்ன இடதுசாரி இயக்கத்திலை இருந்தவர். அவர் அரிசிப் பெட்டிக்குள்ளை ஒளிச்சு வைச்ச புத்தகங்களைக் களவெடுத்து வாசிச்சுத்தான்." எல்லாரும் கை தட்டுகினம்.

நிரோஜா என்னைப் பாக்கிறாள். "அப்பா, நீங்கள் இயக்கத்திலை இருந்தனீங்களோ?"

அவளின்ர தாய் சாகுமட்டும் அவவுக்கே நான் சொல்லாத கதை. அமெரிக்காவிலை ஆக்கள் கை தட்டினதுக்குப் பிறகு என்ர மகள் அறியிறாள். "அத்தைக்குத் தேர்தல் காய்ச்சல்" எண்டுபோட்டு எழும்பிப் போனன்.

நியூயோர்க் பெருநகரத்திலை ஒருத்தர் அந்தச் சொல்லோடை மேயருக்கான முதற்கட்டத் தேர்தலை வெண்டிட்டார் எண்டு நீங்கள் எல்லாரும் துள்ளுறியள். அது வேறை சனம். உன்ர ஊர் காகித ஆலை பூட்டின ஊர், வாசலுக்கு வாசல் கொடி கட்டியிருக்கிற ஊர். அந்தச் சொல்லோடை நிக்கிறவனை அங்கை கடைசி நாள் வரைக்கும் ஓட விட்டுப்போட்டு, கடைசி நாள் காலைத் தட்டிவிடுவினம். உன்ர சிற்றிசன் படிவத்திலையே கேட்டவை தானே, கம்யூனிஸ்ட் கட்சியிலை இருந்தனீரோ எண்டு. கேட்டு வைச்சவை மறக்கமாட்டினம்.

வாடகை எண்டு போடு. பஸ் எண்டு போடு. சோசலிஸ்ட் எண்டு போடாதை. அதோடை என்னையும் எடுத்துவிடு.

நகுலண்ணை


கார்வர் ஃபோல்ஸ், நியூயோர்க் மாநிலம்
26 ஓகஸ்ட்

அண்ணை,

உறையைச் சுற்றி நீங்கள் ஒட்டின ரேப்பை வெட்டவே எனக்குக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. ஒருத்தரும் திறக்கேல்லை. உங்களைத் திறந்து பாக்கிற அளவுக்கு இஞ்சை ஒருத்தருக்கும் நேரமில்லை.

அந்தச் சொல்லை எடுக்கமாட்டன். காரணம் சொல்லுறன். வேலை முடிஞ்சு, நேர்ஸ் உடுப்போடையே பின்னேரம் ஆறு மணியிலையிருந்து கதவு தட்டுறன். போன கிழமை ஒரு கிழவர், முந்தி ஆலையிலை வேலை செய்தவர், கதவைப் பாதி திறந்து கேட்டார்:

"நீதானே அந்த சோசலிஸ்ட்?"

"ஓம்."

"ஜனவரியிலை என்ர பிளாற்றிலை பதினொரு நாள் ஹீற்றர் வேலை செய்யேல்லை. அதுக்கு உங்கட ஆக்கள் என்ன செய்வினம்?"

"வீட்டுக்காரக் கொம்பனியைக் கோட்டுக்கு இழுப்பினம்."

"அப்ப உள்ளை வா."

அடுத்த கதவிலை ஒரு கியூபா நாட்டு மனுசி. என்ர நோட்டீசை வாசிச்சா, நாலாய் மடிச்சு என்ர கையிலையே தந்தா. "இந்தச் சொல்லு என்ர தகப்பனைச் சிறையிலை போட்ட சொல்லு" எண்டா. நான் வாதாடேல்லை. அவ சொல்லுறது உண்மை. ஆனா அவ என்னட்டை நேரை சொன்னா, நானும் நேரை கேட்டன். நான் சொல்லை ஒளிச்சிருந்தால் இந்த ரெண்டு கதவும் எனக்குத் திறந்திராது.

ஒளிச்சால் அவை தோண்டுவினம், அண்ணை. நானே சொல்லிப்போட்டால் தோண்ட என்ன இருக்கு? உங்கட மாகாணத்துச் சட்டசபையிலையே இடதுசாரிக் கட்சிக்காரர் இருக்கினம். அதுக்கு ஒருத்தரும் நித்திரை முழிக்கேல்லை.

எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் பயப்பிடுறது எனக்காகவோ, உங்களுக்காகவோ? மேடையிலை நான் உங்கட பேர் சொல்லேல்லை. அதுக்கே இவ்வளவு நடுக்கம் எண்டால் நீங்கள் ஏதோ மறைக்கிறீங்கள். பிரசாரத்தை நடத்திற றெபேக்காவும் அதைத்தான் கேக்கிறாள்: "உன்ர அண்ணையிட்டை நாங்கள் தெரிஞ்சிருக்க வேண்டிய விசயம் ஏதும் இருக்கோ?"

குணேஸ்வரி


மொன்றியல்
29 செப்ரெம்பர்

குணேஸ்,

இஞ்சை தபால்காரர் வேலைநிறுத்தம். வேலைநிறுத்தத்துக்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். நிரோஜாவின்ர சிநேகிதி துஷாந்தினி எல்லை தாண்டிப் போறாள். அவளிட்டைக் குடுத்து அங்காலை போய்த் தபாலிலை போடச் சொல்லியிருக்கிறன். கையிலை போறதாலை முழுக்க எழுதுறன்.

என்னை ஆரோ பாக்க வந்திருக்கிறாங்கள்.

போன வியாழன், ஜான்-டலோன் சந்தையிலை நான் நிக்கிற மரக்கறிக் கடைக்கு ஒருத்தன் வந்தான். முப்பது வயது இருக்கும். 'பொன்ஜூர்' எண்டான், பேந்து என்னைப் பாத்துத் தமிழுக்கு மாறினான். எங்கட தமிழ்தான், ஆனா ரொறன்ரோவிலை வளந்த நாக்கு. பேர் தனோஜன் எண்டான். பூசணிக்காயைத் தட்டித் தட்டிப் பாத்தான், வாங்கேல்லை.

"ஐயா, நான் மொன்றியல் தமிழரைப்பற்றி ஒரு ஆய்வு செய்யிறன். நீங்கள் எந்த வருசம் வந்தனீங்கள்?"

"எண்பத்தெட்டு."

"எண்பத்தஞ்சிலை யாழ்ப்பாணத்திலை என்ன செய்தனீங்கள்?"

"வெங்காயம் வித்தனான்."

"அப்ப கொஞ்ச ஆக்கள் நோட்டீஸ் அச்சடிச்சுக் குடுத்தவையாம். உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

வருசம்கூடப் பிழைக்காமல் கேக்கிறான். ஆய்வு செய்யிறவன் இயக்கம் எண்டு கேப்பான். இவன் நோட்டீஸ் எண்டு கேக்கிறான், அதை அச்சடிச்சது நான் எண்டு தெரிஞ்சவன்தான் அப்பிடிக் கேப்பான். நான் கடைக்காரியைக் கூப்பிட்டு, இவருக்குப் பிரெஞ்சிலை உதவி செய்யுங்கோ எண்டு விட்டுட்டுப் பின்னாலை பெட்டி அடுக்கப் போனன். உன்ர எதிராளி, அந்தப் பதினாறு வருசக் கவுன்சிலர்தான் அனுப்பியிருக்கிறான். வேறை ஆர்?

தோண்ட என்ன இருக்கு எண்டு கேட்டாய். இருக்கு. மிராபெல் விமான நிலையத்திலை இறங்கி, அகதி விண்ணப்பம் நிரப்பேக்குள்ளை ஒரு கேள்வி: ஆயுதம் ஏந்தின இயக்கம் எதிலையும் இருந்தனீரோ? மொழிபெயர்க்க வந்தவர் மெல்லமாச் சொன்னார், "தம்பி, இல்லை எண்டு போடும்." போட்டன். அவர் சொன்னவர்தான், ஆனா எழுதின கை என்ர கை. அந்த 'இல்லை'யிலைதான் எனக்கு அகதி அந்தஸ்து, சிற்றிசன், நிரோஜா பிறந்தது, எல்லாம். பொய் சொல்லி வாங்கின சிற்றிசனைத் திருப்பி எடுக்கிறதுக்கு இஞ்சை காலக்கெடு இல்லையாம். எனக்கு அறுபத்தொரு வயது.

இப்ப விளங்குதோ ஆருக்காகப் பயப்பிடுறன் எண்டு?

நகுலண்ணை


கார்வர் ஃபோல்ஸ்
5 ஒக்ரோபர்

அண்ணை,

மூண்டு தரம் எழுதிக் கிழிச்சுப்போட்டன். துஷாந்தினி நாளைக்குத் திரும்பிப் போறாள், அவளிட்டைத்தான் இதைக் குடுத்துவிடுறன். சுத்தி வளைக்காமல் எழுதினால்தான் முடியும்.

தனோஜனை அனுப்பினது கவுன்சிலர் இல்லை. நாங்கள்.

இஞ்சை தேர்தலுக்கு முதல் எதிராளியைத் தோண்டுற மாதிரி சொந்த வேட்பாளரையும் தோண்டுவினம். எதிராளி கண்டுபிடிக்கக்கூடியதை முன்னமே தெரிஞ்சு வைக்கிறதுக்கு. ஆள் பிடிச்சது றெபேக்கா. ஆனா "மொன்றியலுக்கும் அனுப்பட்டோ?" எண்டு அவள் என்னைக் கேட்டவள். நான் ஒரு நாள் யோசிச்சு ஓம் எண்டன். உங்களைக் கேட்டால் உண்மை சொல்லமாட்டீங்கள் எண்டு நினைச்சன். அது சரியோ பிழையோ எண்டு இப்ப வாதாட வெக்கமாயிருக்கு.

ஏழு பக்க அறிக்கை வந்திருக்கு. உங்கட பேர் முதலாம் பக்கத்திலை. ரொறன்ரோவிலை ஆரோ பழைய ஆள் உங்கட இயக்கப் பேரையும் சொல்லியிருக்கிறார். படிவத்தைப்பற்றி அதிலை ஒண்டும் இல்லை. அது நீங்கள் எழுதினதாலை எனக்கு மட்டும் தெரியும். உங்கட கடிதத்தை வாசிச்ச உடனை அடுப்பிலை எரிச்சன். அறிக்கையையும் அழிக்கச் சொல்லி றெபேக்காவிட்டைச் சண்டை பிடிச்சன். அழிச்சாச்சு எண்டாள். எத்தினை பேருக்கு அனுப்பினனி எண்டு கேட்டன். மூண்டு பேருக்கு எண்டாள். அந்த மூண்டு பேரும் அழிச்சவையோ எண்டு எனக்குத் தெரியாது.

நீங்கள் சந்தேகப்பட்டது சரி. ஆளைத்தான் மாறிப் பிடிச்சிட்டீங்கள்.

என்னை மன்னியுங்கோ எண்டு எழுதினால் லேசாப் போயிடும். அதாலை எழுதேல்லை.

குணேஸ்


மொன்றியல்
14 ஒக்ரோபர்

குணேஸ்வரிக்கு,

கடிதம் கிடைச்சது. தபால் இப்ப திரும்பவும் ஓடுது.

எண்பத்தாறிலை எங்களைத் தேடினவையும் முதல் எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களைத்தான் அனுப்பினவை. அவையும் சிரிச்சுக்கொண்டுதான் வந்தவை.

நாளைக்கு ஆரும் கேட்டால் எனக்கு அண்ணை இல்லை எண்டு சொல். உனக்கும் அது வசதி, எனக்கும் வசதி. இதுக்குப் பதில் எழுத வேண்டாம்.

நகுலேஸ்வரன்


கார்வர் ஃபோல்ஸ்
27 ஒக்ரோபர்

அண்ணை,

பதில் வேண்டாம் எண்டனீங்கள். நடந்ததை நீங்கள் வேறை ஆரிட்டையும் கேட்டு அறியக்கூடாது, அதுக்காக எழுதுறன்.

போன திங்கள் வட்டாரம் முழுக்க ஒரு நோட்டீஸ் வந்தது. ஒரு பக்கத்திலை அந்த சேர்ச் மண்டபத்திலை நான் நிக்கிற படம். மற்றப் பக்கத்திலை: "இவருடைய அண்ணன் ஆயுதக் கம்யூனிஸ்ட். இவரிடம் உங்கள் தெருவை ஒப்படைப்பீர்களா?" பேர் இல்லை. அறிக்கை கசியேல்லை. என்ர வாயாலை நான் மேடையிலை சொன்னது மட்டும்தான் அவையிட்டை இருக்கு, 'ஆயுத' எண்டது அவையே கூட்டிப் போட்டது. ஆனா என்ர மனம் ஆறேல்லை. அண்டைக்கு முழுக்க றெபேக்காவின்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்திலை வேட்பாளர் விவாதம். றெபேக்கா ஒரு அட்டையிலை பதில் எழுதித் தந்தவள்: "எனக்கும் என் அண்ணனுக்கும் பல வருடங்களாகத் தொடர்பில்லை." நீங்கள் சொல்லச் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே யோசனை வந்ததை நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது.

கவுன்சிலர் எழும்பிக் கேட்டார். "உங்கள் அண்ணன் ஆயுத இயக்கத்தில் இருந்தாரா? ஆமா, இல்லையா? பெயர் என்ன?"

அட்டை கையிலை இருந்தது. நான் சொன்னது இதுதான்: "எனக்கு அண்ணை இருக்கிறார். அவற்ற கதையை அவரைக் கேக்காமல் இதே ஊரிலை ஒரு மேடையிலை சொன்னன். அது பிழை. அந்தப் பிழையை இன்னொருக்கால் செய்யமாட்டன், பேரும் சொல்லமாட்டன். சோசலிஸ்ட் நான். அதைப்பற்றி என்னட்டைக் கேளுங்கோ, மண்டபம் பூட்டுமட்டும் நிண்டு பதில் சொல்லுறன்."

பின்வரிசையிலை கூ அடிச்சினம். முன்வரிசையிலை ஒருத்தரும் அசையேல்லை. காரிலை வரேக்குள்ளை றெபேக்கா சொன்னாள், "நீ இண்டைக்கு நாப்பது வாக்கை வெளியிலை எறிஞ்சிட்டாய்." இருக்கலாம். அவளுக்குத்தான் கணக்குத் தெரியும்.

நவம்பர் நாலாம் தேதி வாக்களிப்பு. தோத்திடுவன் எண்டுதான் நினைக்கிறன்.

குணேஸ்


மொன்றியல்
2 நவம்பர்

குணேஸ்,

இண்டைக்கு எங்கட நகரசபைக்கும் தேர்தல். நிரோஜாவும் நானும் போய்ப் போட்டுட்டு வந்தனாங்கள். பெட்டிக்குள்ளை சீட்டு விழுமட்டும் நிண்டு பாத்தன். அவள் வழக்கம்போல வெக்கப்பட்டாள்.

விவாதத்தை அவள் கண்டுபிடிச்சுக் காட்டினவள். ரெண்டு தரம் பாத்தன். கவுன்சிலர் கேக்க, நீ அந்த அட்டையைக் குப்புறத் திருப்பி மேசையிலை வைச்சாய். அந்த இடத்திலை நிப்பாட்டச் சொன்னன். பேந்து அவளை இருக்கச் சொல்லி எல்லாத்தையும் சொன்னன்.

"துவக்கு வைச்சிருந்தனீங்களோ?"

"ஒரு கிழமை. காவலுக்கு."

"சுட்டனீங்களோ?"

"இல்லை. நான் நோட்டீஸ் அச்சடிக்கிற ரோணியோ மெசின் சுத்தினவன்."

"அப்ப ஏன் பொய் சொன்னனீங்கள்?"

கோவம் வந்தால் அவள் பிரெஞ்சுக்கு மாறிப்போடுவாள். அண்டைக்கு முழுக்கத் தமிழிலைதான் கேட்டாள். அதாலை நான் தப்பேலாமல் போச்சு.

அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்லுறன். அருமைநாதன் எண்டு ஒருத்தனை உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. நான் மெசின் சுத்த, அவன் தாளை எடுத்து அடுக்குவான். மை காயமுதல் அடுக்கிக் கையெல்லாம் கறுப்பாக்குவான். எண்பத்தாறிலை எங்கட இயக்கத்தைத் தடை செய்து, பெரிய இயக்கத்தார் அவனைக் கூட்டிக்கொண்டு போச்சினம். திரும்பி வரேல்லை. அந்தப் படிவத்திலை ரெண்டாவது கேள்வி ஒண்டு இருந்தது: அப்பிடியான இயக்கத்து ஆக்கள் ஆரையும் தெரியுமோ? அதுக்கும் இல்லை எண்டு எழுதினன். முதலாவது 'இல்லை' என்ர உயிருக்கு. ரெண்டாவது 'இல்லை' எழுதேக்குள்ளை பேனை ஒரு செக்கன் கூட நிக்கேல்லை, குணேஸ். ரெண்டு வருசம் என்னோடை நிண்டவனைத் தெரியாது எண்டிட்டன்.

வெள்ளிக்கிழமை நிரோஜா என்னைப் புவாண்ட்-கிளேரிலை ஒரு வக்கீலிட்டைக் கூட்டிக்கொண்டு போனவள். அனுசூயா எண்டு ஒரு சென்னைப் பிள்ளை. அறைக்குள்ளை வேறை ஆரும் இருக்கினமோ எண்டு நான் மூண்டு தரம் கேட்டன். அவ சொன்னா: "சார், நீங்க பயப்படறது நியாயம்தான். ஆனா நீங்களா போய் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். நடந்ததை அப்படியே சொல்லுங்க, பிரமாணப் பத்திரமா என் ஃபைல்ல வெச்சுக்கறேன். நாளைக்கு யாராவது கேட்டா பொய் மட்டும் சொல்லாதீங்க. அமெரிக்க எல்லைப் பக்கம் இப்போ போகாதீங்க." கையெழுத்து வைச்சன். அருமைநாதனின்ர முழுப் பேரையும், தகப்பன்ர பேரோடை எழுதச் சொன்னன்.

நீ தோத்திடுவாய் எண்டுதான் நானும் நினைக்கிறன். உன்னாலை இல்லை, அவையாலை. இது வந்து சேர வாக்களிப்பு முடிஞ்சிருக்கும், ஆனா திருப்பி எண்ணினால் அந்த இடத்திலை உன்ர ஆக்கள் ரெண்டு பேர் நிக்க வேணும். மூண்டு பேர் எண்டால் நல்லது. றெபேக்கா வேண்டாம்.

அண்ணை


கார்வர் ஃபோல்ஸ்
26 நவம்பர்

அண்ணை,

வெண்டிட்டன்.

தேர்தல் அண்டைக்குப் பதினேழு வாக்கு வித்தியாசம். இருபதுக்குள்ளை எண்டால் இஞ்சை கையாலை திருப்பி எண்ண வேணும். அதுதான் இவ்வளவு நாள். நேற்று முடிவு சொன்னவை, பதினாறு.

எது வெண்டது எண்டு எனக்கே தெரியாது. அந்தச் சொல்லோ, ஹீற்றரோ. ஆலைக் கிழவர் சக்கர நாற்காலியிலை வந்து போட்டுட்டு, "சோசலிசம் எண்டால் என்னெண்டு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா உனக்கு அந்தக் கொம்பனியிட்டைப் பயமில்லை எண்டு தெரியும்" எண்டார். இன்னொரு மனுசி கடையிலை மறிச்சு, "சொந்த அண்ணையை வித்து வெல்லப் பாக்கேல்லை, அதுக்காகப் போட்டன்" எண்டா. அந்த நாப்பதிலை ஒரு கொஞ்சம் திரும்பி வந்திருக்கு. கியூபா மனுசி எனக்குப் போட்டிருக்கமாட்டா. அவவின்ர தெருவுக்கும் நான்தான் இப்ப கவுன்சிலர்.

சந்தோசமாயிருக்க விடுறாங்கள் இல்லை. பதவி ஏற்க முதலே கொம்பனி மனேஜர் வாழ்த்து மடலோடை பூங்கொத்து அனுப்பியிருக்கிறார். பழைய கவுன்சிலர் கோப்பி குடிக்க வரச் சொல்லுறார். றெபேக்கா தன்னை உதவியாளரா வைக்கச் சொல்லிக் கேக்கிறாள். முந்தி எண்டால் மூண்டையும் நல்லதா எடுத்திருப்பன். இப்ப உங்கட கண்ணாலை பாக்கிறன் போல கிடக்கு.

ஜனவரி முதலாம் தேதி பதவிப் பிரமாணம். நீங்கள் வரேலாது எண்டு தெரியும். அதுக்கு முதல் நான் வரட்டோ? வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டு எழுதுங்கோ.

குணேஸ்


மொன்றியல்
7 டிசம்பர்

குணேஸ்,

நான் பிழை எண்டு ஒத்துக்கொள்ளுறன். அந்தச் சொல்லோடை அமெரிக்காவிலை வெல்லலாம். ஒரு ஊர், ஒரு வட்டாரம், பதினாறு வாக்கு. அதுக்கு மேலை இப்ப ஒத்துக்கொள்ளமாட்டன். அந்த ஒரு வாக்கு எப்பிடிக் குறைஞ்சது? ஆர் தள்ளினது, ஏன் தள்ளினது எண்டு எழுத்திலை வாங்கினியோ?

பூங்கொத்தைத் திருப்பி அனுப்பு, மடலை வைச்சிரு. அதிலை அவன்ர கையெழுத்து இருக்கு. கோப்பிக்குப் போ, ஆனா தனியப் போகாதை. றெபேக்காவை வைக்கிறதோ விடுறதோ உன்ர விசயம். வைக்கிறதெண்டால் அந்த மூண்டு பேரின்ர பேரையும் முதல் கேட்டு எழுதி வை.

இன்னொண்டு. நவம்பர் வரைக்கும் நீ என்ர தங்கச்சி. இனி நீ அரசாங்கம். நான் எந்த அரசாங்கத்தையும் நம்பினதில்லை. உனக்காக அதை மாத்தமாட்டன். ஜனவரியிலையிருந்து அந்த பிளாற்றுகளிலை ஹீற்றர் வேலை செய்யுதோ எண்டு மாசா மாசம் கேட்டு எழுதுவன். பதில் வரேல்லை எண்டால் ரெலிபோனிலையே கூப்பிடுவன்.

தனோஜன் போன கிழமை திரும்பக் கடைக்கு வந்தவன். மன்னிப்புக் கேட்டான். ஒரு கட்டுக் கீரையைக் கையிலை குடுத்தன், இந்த முறை வாங்கிக்கொண்டு போனான். இன்னும் அவனை நம்பேல்லை.

வா. இருபதாம் தேதி சனிக்கிழமை வா. விடிய வெள்ளன வெளிக்கிடு, லக்கோல் எல்லையிலை சனமாயிருக்கும். கடையிலை லீவு சொல்லிப்போட்டன். நிரோஜா ஒரு கொப்பியிலை கேள்வியெல்லாம் எழுதி வைச்சிருக்கிறாள். உன்னட்டையும் இருக்கும். ரெண்டு பேரும் ஒண்டா இருந்து கேளுங்கோ, ரெண்டு தரம் சொல்ல என்னாலை ஏலாது.

அண்ணை